சோற்றுக்கு முன் சாட்சி

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இதை நான் மறைப்பதில்லை. மேடையில் ஏறினால் முதலில் சொல்வதே இதைத்தான். அதற்குப் பிறகு கந்தப்பளை டவுனில் இருக்கும் என் மரக்கறிக் கடையைப் பற்றியும், லீக்ஸும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் ஓடுகிற என் லொறிகளைப் பற்றியும், மாடி வைத்துக் கட்டிய என் வீட்டைப் பற்றியும் சொல்வேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒற்றைக் காம்பராவில் பிறந்தவனைக் கர்த்தர் எங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார் பாருங்கள் என்று முடிக்கும்போது சனம் எழும்பி நின்றுவிடும். வலப்பனையிலிருந்து நல்லதண்ணி வரைக்கும் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடாத சபை குறைவு. படித்துப் பட்டம் வாங்கிய போதகர்மாரே எனக்கு அடுத்ததாக மைக்கைப் பிடிக்கக் கொஞ்சம் யோசிப்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

இந்த வாய் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. ஆனால் அப்பாவைப் பற்றி நான் எந்த மேடையிலும் பேசியதில்லை. பேசத் தொடங்கினால் அந்த மழைக்காலத்தைச் சொல்ல வேண்டிவரும். அது மேடைக்கு ஏற்ற கதை இல்லை. அதன் முடிவில் யாரும் கை தட்ட முடியாது.

அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். முற்றிப்போன தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிற வேலை. அதில் அவரைக் குறை சொல்ல, வேலை பார்க்க வருகிற எந்தக் கண்டாக்காலும் முடிந்ததில்லை. மாசி மாதம் காமன் கூத்தில் அவர் வேஷம் கட்டுகிறார் என்றால் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆள் வருமாம். கசிப்புக் குடியிலும் அதே அளவுக்குப் பேர் வாங்கியிருந்தார். பிறகு இரட்சிக்கப்பட்டார். கூத்து போனது, கசிப்பு போனது. குரல் மட்டும் போகவில்லை. அந்தக் குரல் எங்கள் தோட்டத்து எல்லையில் தகரம் போட்டிருந்த ஜெப வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஜெப வீட்டில் பாட்டு முடிந்தவுடன் சாட்சி நேரம் வரும். கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழும்பிச் சொல்லலாம். காய்ச்சல் மாறியவர், காணாமல் போன மாடு கிடைத்தவர், மருமகளோடு சமாதானமான மாமியார் என்று ஒவ்வொருவராக எழும்புவார்கள். எல்லோரும் முடித்த பிறகு பாஸ்டர் ஐயா எங்கள் பக்கம் திரும்பி, “பிரதர்?” என்பார். அப்பா எழும்புவார். அதுவரை வாசலில் நின்று பராக்குப் பார்த்தவர்கள்கூட உள்ளே வருவார்கள்.

அந்தச் சாட்சி எனக்கு இன்றும் மனப்பாடம். படிப்பு ஏறாத தலையில் அது மட்டும் ஏறிக்கொண்டது. சம்பளத்தன்று அவர் குடித்துவிட்டுக் கிடக்கிறார். லயத்தில் என் தங்கச்சிக்குக் காய்ச்சல். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக ஆள் இல்லை. அம்மா ஒருத்தியாகப் போராடுகிறார். போதை தெளிந்து அப்பா வந்து சேர்ந்தபோது பிள்ளைக்கு முகத்தை மூடியிருந்தார்கள். அந்த இடத்தில் அப்பா குரலைத் தாழ்த்துவார். தாயின் மடியில் பிள்ளை கடைசியாக ‘அப்பா’ என்று கூப்பிட்டதாம் என்பார். பெண்கள் பக்கம் மூக்குச் சிந்தும் சத்தம் கேட்கும். பிறகு குரல் மேலே ஏறும். “என்னைத் திருத்தத்தான் கர்த்தர் எம் புள்ளைய எடுத்தாரு!” கூரைத் தகரம் அதிரும்.

எங்கள் ஜெப வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். பழைய பாவம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிது கர்த்தருக்கு மகிமை. ஆகவே சாட்சி சொல்லச் சொல்ல வளர்ந்தது. முதலில் அப்பா குடித்துவிட்டுக் கடைக்குப் பின்னால் கிடந்தார். அடுத்த வருசம் வழியில் விழுந்து கிடந்தார். பிறகு பிள்ளையின் மருந்தையே விற்றுக் குடித்தார். அப்பா பொய்க்காரர் அல்ல. தன் மேல் எவ்வளவு சேறு பூசிக்கொண்டாலும் அது தகும் என்று நம்பினார்.

தங்கச்சியை எனக்கு ஞாபகம் இல்லை என்றே சொல்லலாம். ஒரு சேலைத் தொட்டில், அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கால், அவ்வளவுதான். ஆனால் அவள் செத்ததில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சமில்லை. ஞாயிறு வகுப்பில் பையன்கள் அவரவர் வீட்டுச் சாட்சியைத் தூக்கிக்கொண்டு திரிவோம். ஒருவன், “எங்கப்பாவுக்கு ரெண்டு வருசமா இருந்த வயித்துவலி போச்சு” என்பான்.

“வயித்துவலி ஓமத்தண்ணி குடிச்சாலே போகும்டா. எங்கப்பா சாட்சியில ஒரு சாவே இருக்கு” என்பேன். அவன் வாயை மூடிக்கொள்வான்.

அம்மா மட்டும் அந்தச் சாட்சியை முழுதாகக் கேட்டதில்லை. சரியாகத் தங்கச்சி வரும் இடத்தில் அவருக்குத் தேத்தண்ணி அடுப்பு ஞாபகம் வந்துவிடும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்கதவால் போய்விடுவார். கூட்டம் முடிந்து நாங்கள் வெளியே வரும்போது தேத்தண்ணி தயாராக இருக்கும். எங்கள் அம்மாவைப் போல ஊழியத்துக்கு ஓடுகிற ஆள் கிடையாது என்று சபையில் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வருசம் மழை விடவே இல்லை. மலையில் கொழுந்து பறித்த பெண்கள் கொங்காணிச் சாக்குப் போர்த்தியும் நனைந்துதான் வந்தார்கள். கீழ் லயத்துக்குப் பின்னால் செங்குத்தான மண்திட்டு ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது அப்படியே இறங்கி, லயத்தின் கடைசிக் காம்பராக்களை மூடிவிட்டது. எங்கள் அத்தை அப்போது பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே தொட்டிலில் அவருடைய பெண் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

அத்தை என்றால் சொந்த அத்தை அல்ல. அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் வருசக்கணக்காகக் கொழுந்து பறித்தவர். அம்மாவை மதினி என்றும் அப்பாவை அண்ணன் என்றும் கூப்பிடுவார், ஆகவே எனக்கு அத்தை. அவர்கள் சாமி கும்பிடுகிறவர்கள். நாங்கள் வேதத்துக்குப் போன பிறகும் அவர் எங்கள் காம்பராவுக்கு வருவதை நிறுத்தவில்லை. தீபாவளிக்குப் பலகாரம் வரும், கிறிஸ்மஸுக்கு எங்கள் கேக் போகும்.

மண்ணைத் தோண்டியவர்களில் முன்னால் நின்றவர் அப்பா. மம்பட்டி பட்டுவிடும் என்று பயந்து கடைசியில் கையாலேயே அள்ளினார். பிள்ளையை வெளியே எடுத்தவரும் அவர்தான். தன் சட்டையைக் கழற்றிச் சுற்றி, வெறும் மேலோடு மழையில் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் முகத்தை அன்று பார்த்த யாரும் அவரோடு பேசவில்லை.

வீடு போன குடும்பங்களைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பிள்ளையை அடக்கம் பண்ணிய பிறகு அத்தையும் மாமாவும் அங்கேதான் இருந்தார்கள். எங்கள் சபையார் அரிசி, பருப்பு, தேங்காய் என்று வீடு வீடாகச் சேர்த்து அவர்களுக்குச் சமைத்துக் கொண்டுபோகத் தீர்மானித்தார்கள். நல்ல காரியம்தான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. சபையார் எங்கே சோறு கொண்டுபோனாலும் முதலில் பாட்டு, பிறகு சாட்சி, பிறகு ஜெபம், அதற்குப் பிறகுதான் கரண்டி. சாட்சிக்கு அப்பாவைத்தான் பாஸ்டர் ஐயா சொல்லியிருந்தார்.

அதற்கு முதல் நாள் சாயங்காலம் அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். அப்பா ஈரக் காலோடு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார்.

“நாளைக்கு அங்க புள்ள கதைய எடுக்காதீங்க” என்றார் அம்மா, தலையைத் தூக்காமல்.

“ஏன்?”

“அவ உக்காந்திருப்பா.”

“அவ உக்காந்திருக்கான்னுதானே சொல்லணும்ங்கிறேன். எனக்கும் புள்ள போனதுதான். எனக்கு வந்த ஆறுதல் அவளுக்கும் வரட்டுமே.”

அம்மா திருவுவதை நிறுத்தினார். “உங்களுக்கு வந்துச்சு” என்றார்.

“அப்ப சொல்லச் சொல்றியா, வேணாங்கிறியா?”

“வேணாங்கிறேன். இத ஒன்னு மட்டும் எனக்காகப் பாருங்க.”

அம்மா எதையும் தனக்காகக் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பா ஈரக் காலைத் துடைத்துக்கொண்டார். “சரி, பார்ப்போம்” என்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடம் நிறைய ஆள் இருக்கும். என் வகுப்புப் பையன்கள் எல்லோரும் இருப்பார்கள். அங்கே போய் அப்பா தலைவலி மாறிய கதையா சொல்லப்போகிறார்?

மறுநாள் பள்ளிக்கூடத்தில் மேசை வாங்குகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, எல்லோரும் சாக்கு விரித்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஈரத் துணியும் மண்ணும் சேர்ந்து ஒரு வாடை. சோற்றுப் பானையையும் பருப்பு வாளியையும் கரும்பலகைக்குக் கீழே வைத்தோம். பிள்ளைகள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை வாரவில்லை. முன்னால் இருந்த தட்டை யாரோ வைத்திருக்க வேண்டும். அவர் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. அப்பா எழும்பினார். முதலில் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். மழையைப் பற்றிச் சொன்னார், நாங்கள் எல்லோரும் ஒரே தோட்டத்து ஆட்கள் என்றார். குரல் ஓட்டமில்லாமல் தட்டுத் தடுமாறியது. பின்னால் இருந்து ஒரு இளந்தாரி, “பருப்பு ஆறுது பிரதர், சுருக்கா முடிங்க” என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் அப்பாவைத் தூக்கிவிட்டது. அல்லது அத்தையின் முகமாக இருக்கலாம். அவர் சட்டென்று நிமிர்ந்தார். “நானும் ஒரு புள்ளைய மண்ணுக்குக் குடுத்தவன்தாம்மா” என்று அத்தையைப் பார்த்தே தொடங்கினார். பிறகு யாரால் நிறுத்த முடியும்? சம்பள நாள் வந்தது, கசிப்பு வந்தது, விற்ற மருந்து வந்தது. பள்ளிக்கூடம் மூச்சுவிடவில்லை. நான் என் வகுப்புப் பையன்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அம்மா எழும்பிப் போக அங்கே அடுப்பு இல்லை. பானைக்குப் பக்கத்தில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஆண்டவரே, ஏன் எடுத்தீங்கன்னு அழுதேன். உன்னைத் திருத்தத்தான்டா எடுத்தேன்னாரு. அந்தப் புள்ள போகாட்டி நான் இன்னைக்கு மனுசனா உங்க முன்னாடி நிக்கமாட்டேன்!”

இந்த இடத்தில் சபை ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் சிலர் சொல்லவும் சொன்னார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் அத்தை பேசினார்.

“அண்ணே.”

அப்பா அவர் பக்கம் திரும்பினார்.

“அப்ப எம் புள்ளைய யாரைத் திருத்த எடுத்தாரு?”

கோபமாகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போல, தெரிந்தவரிடம் தெரியாதவர் கேட்கிற மாதிரிக் கேட்டார். அப்பாவிடம் பதில் இருக்கும் என்று நம்பித்தான் கேட்டார்.

“எங்கூட்டுல யாரும் குடிக்கமாட்டாங்களேண்ணே” என்றார் மறுபடியும்.

அப்பா வாயைத் திறந்தார். எத்தனை கூட்டத்தை அழவைத்த வாய் அது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. கை மேலே தூக்கியபடி இருந்தது. அதைக் கீழே போடவும் அவருக்குத் தெரியவில்லை. கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாஸ்டர் ஐயா அவசரமாக எழும்பி, “ஜெபிப்போம்” என்றார்.

அதற்குள் அம்மா பானையைத் திறந்துவிட்டார்.

“சிஸ்டர், ஜெபம் பண்ணிட்டு...”

“நீங்க பண்ணுங்க ஐயா. நான் போடுறேன்.”

சபையில் யாரும் செய்யாத காரியம். முதல் சோற்றை அம்மா அத்தையின் தட்டில்தான் போட்டார். போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போகவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து, பருப்பை ஊற்றிப் பிசைந்து, ஒரு கவளத்தை அத்தையின் வாய்க்கு நேரே நீட்டினார். அத்தை வாயைத் திறக்கவில்லை. அம்மாவும் கையை எடுக்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். அடக்கம் பண்ணிய நாளிலிருந்து அழாதவர் அப்போதுதான் அழுதார் என்று பிறகு சொல்லக் கேட்டேன். அழுகைக்கு நடுவில் அந்தக் கவளத்தை வாங்கிக்கொண்டார்.

அப்பா பருப்பு வாளியைத் தூக்கிக்கொண்டார். சோறு போடச் சபைச் சகோதரி ஒருவர் வந்தார். அவருக்குப் பின்னாலேயே அப்பா ஒவ்வொரு தட்டாகக் குனிந்து குனிந்து ஊற்றிக்கொண்டு போனார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வெறும் பானையைத் தோளில் வைத்துக்கொண்டு லயத்துக்கு ஏறும்போது எனக்கு அழுகையும் ஆத்திரமும். “ஏம்ப்பா ஒன்னும் சொல்லாம விட்டீங்க? ஏதாச்சும் சொல்லியிருக்கலாம்ல?”

“தெரியலடா” என்றார்.

தெரியாது என்று அப்பா சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் ஐயா, “பிரதர்?” என்று கூப்பிட்டபோது அப்பா தலையை ஆட்டி மறுத்தார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. சபைக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. பாடினார், முழங்கால் போட்டார். நோயாளிகளைக் கம்பளியில் கட்டிப் பெரிய ரோட்டுக்குச் சுமந்துபோகக் கூப்பிட்டால் முதல் ஆளாக ஓடினார். கீழ் லயத்து மண்ணை அள்ளி முடிக்கும் வரைக்கும் வேலை விட்டு வந்த கையோடு அங்கே போனார். ஆனால் சாட்சிக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. விசுவாசம் தளர்ந்து பின்மாற்றத்தில் விழுந்துவிட்டார் என்று சபையில் குசுகுசுத்தார்கள். அவருக்காகத் தனியாக ஜெபக் குறிப்புக்கூட வைத்தார்கள். ஞாயிறு வகுப்பில் அந்த வயிற்றுவலிக்காரர் மகன் என்னிடம், “என்னடா, ஒங்கப்பாவுக்கு வாயடைச்சிருச்சாமே? ஓமத்தண்ணி குடுத்துப் பாரேன்” என்றான். அவன் மூக்கில் ஒரு குத்து விட்டேன். அதோடு ஞாயிறு வகுப்பிலிருந்து என்னைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள்.

பிறகு ஒரு சாயங்காலம். மழை ஓய்ந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. நான் உள்ளே கம்பளிக்குள் சுருண்டு படுத்திருந்தேன். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். அப்பா வந்து அடுப்புக்குப் பக்கத்தில் குந்தினார். கை காய்ச்சத்தான் வந்தார் என்று நினைத்தேன்.

“எந்த எடத்துல?” என்றார் அப்பா.

அம்மா எதை என்று கேட்கவில்லை. ரொட்டியைத் திருப்பிப் போட்டார். “சவுக்கு மரத்து வளைவுல” என்றார். “குறுக்குப் பாதையில எறங்கினேன். நல்ல மழை. அது வரைக்கும் புள்ள சூடா, மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தா. அந்த வளைவுல கை கொஞ்சம் கனத்துச்சு. தூங்கிட்டாளாக்கும்னு கொங்காணிய இழுத்து முகத்துல நனையாம போத்திவிட்டேன். ஆஸ்பத்திரி வரைக்கும் பேசிக்கிட்டே போனேன், பயந்துறக் கூடாதுன்னு.”

அப்பா ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினார்.

“அப்பான்னு கூப்புட்டாளா?”

“இல்ல. அவளுக்கு இன்னும் பேச்சு வரலைங்க.”

அடுப்பில் ஈர விறகு புகைந்தது. ரொட்டி கருகும் வாடை வந்தது. அம்மா அதை எடுக்கவில்லை.

“நான் வந்திருக்கணும்” என்றார் அப்பா.

“ம்” என்றார் அம்மா.

அவ்வளவுதான். அப்பா எழும்பிப் போகவில்லை. நான் கம்பளிக்குள் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரிக் கிடந்தேன். ஆனால் மனசுக்குள் ஒரே துள்ளல். கதை மாறிவிட்டது! மடி போய் மழை வந்திருக்கிறது, சவுக்கு மர வளைவு வந்திருக்கிறது, செத்த பிள்ளையோடு பேசிக்கொண்டு போகும் தாய் வந்திருக்கிறார். பழையதைவிட இது எவ்வளவோ மேல். இதைக் கேட்டால் ஆண்கள் பக்கமே மூக்குச் சிந்தும். அப்பா அடுத்த சாட்சிக்கு அம்மாவிடம் கேட்டுக் கேட்டுத் தயார் பண்ணுகிறார் என்று நான் உறுதியாக நம்பினேன்.

ஞாயிறு காலையில் முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் இடம் பிடித்து, அப்பாவை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். பாட்டு முடிந்தது. காய்ச்சல்காரரும் மாட்டுக்காரரும் எழும்பிச் சொல்லி உட்கார்ந்தார்கள். பாஸ்டர் ஐயா இப்போதெல்லாம் எங்கள் பக்கம் திரும்புவதில்லை. நான் அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். “எழும்புங்கப்பா” என்றேன். அவர் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பெண்கள் பக்கம் திரும்பினேன். அம்மா எங்கேயும் போகாமல் தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இவ்வளவு நல்ல கதையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படித்தான் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது.